அஞ்சு நிமிஷம் ஆச்சு, மணி அடிங்கப்பா!

பட்டிமன்றம் எந்த ஊரில் ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ‘எங்க ஊர் திருவண்ணாமலையிலதான்’ என்பேன். தலைப்பு: பெரியவர் யார், பிரம்மாவா, விஷ்ணுவா? நடுவர் சாட்சாத் அண்ணாமலையார். விஷ்ணு பன்றியாகி அடியைத் தேடிப் போய், திரும்பி வந்து ‘தெரியலை’ என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகிப் பறந்த பிரம்மா, முடியைப் பார்த்துவிட்டதாக ஒரு தாழம்பூவைப் பிடித்துப் பொய்ச் சாட்சி சொல்ல வைத்தார். தீர்ப்பு உங்களுக்கே தெரியும். பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குப் பூஜையில் இடமில்லை. கவனியுங்கள் ஸார், ‘இரண்டு பேருமே பெரியவர்கள்தான்’ என்று நடுவர் மழுப்பவில்லை. அதற்கப்புறம் அப்படி ஒரு நடுவர் இந்தத் தமிழ்நாட்டில் அமையவில்லை.

வட ஆற்காட்டைப் பிரித்து 1989-ல் எங்களுக்கென்று தனி மாவட்டம் கொடுத்த சமயம், நான் பள்ளிக்கூடப் பேச்சு டீமில் இருந்தேன். மாவட்டப் போட்டிக்கு வேலூர் பஸ் ஏறும் வேலை மிச்சம். டீம் என்றால் மூன்றே பேர். பூக்கடைக்காரர் பையன், பஸ் கண்டக்டர் பையன், நான். கிரிக்கெட் என்றால் மட்டை, பந்து, ஸ்டம்ப் என்று செலவு. பேச்சுக்குத் தொண்டை போதும். அது மூன்று பேரிடமும் தாராளமாக இருந்தது.

பேச்சை எழுதித் தருவது தமிழய்யா. மனப்பாடம் செய்வது கிரிவலப் பாதையில். பதினாலு கிலோ மீட்டர், எட்டு லிங்கம், எட்டு பாரா. இந்திர லிங்கத்தில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தால் ஈசான்ய லிங்கத்தில் ‘நன்றி கூறி விடைபெறுகிறேன்’ வந்துவிட வேண்டும். பூக்கடைப் பையனுக்கு மட்டும் எம லிங்கத்துப் பாரா கடைசி வரை வரவேயில்லை. மேடையிலும் சரியாக அங்கேதான் நிற்பான். நாங்கள் கீழேயிருந்து ‘நிருதி, நிருதி’ என்று கிசுகிசுப்போம். அடுத்த பாராவுக்குத் தாவிவிடுவான்.

கொடுப்பது ஐந்து நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் வணக்கத்துக்கே போய்விடும். அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, என்னைப் போலவே பேச வந்திருக்கும் சக மாணவ நண்பர்களே... (அந்த நண்பர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து தங்கள் பேச்சை முணுமுணுத்துக் கொண்டிருப்பார்கள். யார் பேச்சையும் யாரும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.) அடுத்தவன் சொன்னதற்குப் பதில் சொல்லும் வழக்கமே கிடையாது. பதில் அய்யா எழுதித் தந்த தாளில் இல்லையே!

ஒரு வருஷம் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் நடுவராக வந்தார். கண்டக்டர் பையன் ‘விஞ்ஞானம் அழிவே’ என்று முழங்கிவிட்டு இறங்கப் போனான். அவர் நிறுத்தினார்.

“தம்பி, இப்ப நீ பேசின மைக் விஞ்ஞானம்தானே?”

ஹால் நிசப்தம். தமிழய்யா முகத்தில் ஈயாடவில்லை. பையன் மைக்கை ஒரு தடவை பார்த்தான்.

“ஆமாங்க ஐயா. பரீட்சைக்கு முந்தின ராத்திரி எங்க தெருவுல விடிய விடிய அலறினதும் இதே மைக்தாங்க.”

கூரை பிய்த்துக் கொள்கிற மாதிரி கைதட்டல். முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அன்றைக்கு எங்கள் டீம் பேசிய பதினைந்து நிமிஷத்தில் எழுதித் தராத வாக்கியம் அது ஒன்றுதான்.

நமக்கு இந்தச் சொத்து எத்தனை பழசு என்று யோசித்துப் பாருங்கள். மகத மன்னன் சோழனுக்குப் பட்டிமண்டபம் கொடுத்ததாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பாதிரிமார்களின் பாணியைக் கற்றுக்கொண்டு 1847 டிசம்பர் 31-ல் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். 1939-ல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்குகிறார். அதே 1939-ல் திருவாரூரில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கூடப் போட்டியில் ‘நட்பு’ என்ற தலைப்பில் முதல் தடவையாக மேடை ஏறுகிறான். பெயர் மு. கருணாநிதி. பள்ளிக்கூடப் போட்டியைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அந்தப் பையன் கடைசியில் எங்கே போய் உட்கார்ந்தான் என்று பார்த்துக் கொள்ளலாம்.

பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டு போனவர் குன்றக்குடி அடிகளார். கம்பனையும் கண்ணகியையும் வைத்து நிஜமாகவே மோதினார்கள். 1993-ல் சன் டி.வி. வந்தது, பண்டிகைக்குப் பண்டிகை சாலமன் பாப்பையா நம் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டார். மனுஷர் சிரிக்க வைத்தே யோசிக்க வைப்பார், அதில் குறை சொல்ல முடியாது. அவரைப் பார்த்துக் கிளம்பிய கூட்டம்தான் ஜோக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வாதத்தை மேடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது.

அமெரிக்காவில் 1925-ல் ரிப்பன் என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடப் பேச்சாளர்களுக்காக ஒரு லீக் தொடங்கினார்கள். பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் நடக்கிறது. அங்கே விவாதப் போட்டியில் ஒரு சுற்றில் ‘வேண்டும்’ என்றவன் அடுத்த சுற்றில் அதே தலைப்புக்கு ‘வேண்டாம்’ பேச வேண்டும். நடுவில் எதிர் அணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கும். (கட்சி மாறுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. குறுக்குக் கேள்விக்குத்தான் பயம்.)

ஆபீஸ் மீட்டிங்கில் பார்த்திருப்பீர்கள். நம் ஆள் இருபது நிமிஷம் அருவி மாதிரி கொட்டுவார். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ‘சரி, இதுக்கு எவ்வளவு ஆகும்?’ என்பார். ஆசாமி எம லிங்கத்தில் நின்றுவிடுவார்.

இப்போதெல்லாம் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. தலைவர்கள் பிறந்தநாள் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய். என் கட்சி ஒன்றுதான். ஐந்து நிமிஷம் மனப்பாடத்துக்கு இருக்கட்டும். இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்து, நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பையன்கள் முழிப்பார்கள். முழிக்கட்டுமே! இரண்டு வருஷத்தில் பழகிவிடும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் மருமகன் மொட்டை மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். தலைப்பு ‘செல்போன் வரமா, சாபமா?’ இவன் சாபம். பேச்சு அமர்க்களமாக இருந்தது.

“யாருடா எழுதிக் கொடுத்தது?”

“செல்போன்ல கேட்டேன் மாமா. பத்தே செகண்டு.”

“அப்ப அது வரமில்லையா? அங்கே ஒருத்தர் எழுந்து இதையே கேட்டா என்னடா சொல்லுவே?”

நின்றான். கையிலிருந்த செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரை நிமிஷம் இருக்கும்.

“சாபம்னு அதுவே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்திருக்கே மாமா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

படியேறி வந்துகொண்டிருந்த அக்கா காபி டம்ளரோடு நின்று சிரித்தாள்.