700 எழுத்துக்குள் ஒரு கோயில்

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புகிறவர் மதிப்பெண்ணோடு தன் வாழ்க்கையையும் சுருக்கி எழுதித் தரவேண்டும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் அதிகபட்சம் 15 செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியும் சேர்த்து 700 எழுத்து. நியூஜெர்சியிலோ டெக்சாஸிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இந்த இடத்தில் தயங்குவதில் வியப்பில்லை. ஞாயிறுதோறும் கோயிலில் சிறுவர்களுக்கு வகுப்பெடுத்ததை எழுதலாமா, கூடாதா? மசூதி, தேவாலயம், குருத்வாரா என்று இடம் மாறினாலும் தயக்கம் ஒன்றுதான். ‘மதத்தை உள்ளே கொண்டுவராதே’ என்பது சுலபமாகக் கிடைக்கும் அறிவுரை. அந்த அறிவுரை தவறு என்பது என் கட்சி. ஆனால் அதைச் சொல்லவைக்கும் பயம் வீண்பயமல்ல.

அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1935இல் யேல் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்த 501 பேரில் ஏறக்குறைய 200 பேர் யூதர்கள். இடம் கிடைத்த 76 பேரில் யூதர்கள் ஐந்தே பேர். அந்தக் காலம் போய்விட்டது என்றாலும், கூட்டரசின் பணம் பெறும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டக்கூடாது என்கிற 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு இனம், நிறம், பூர்வீக நாடு என்று மூன்றைத்தான் சொல்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. பால்டிமோரில் கதிரியக்கச் சிகிச்சைப் பயிற்சிக்கான நேர்காணலில் மதம் பற்றிப் பேசியது தனக்கு எதிராகக் கணக்கில் கொள்ளப்பட்டது என்று வழக்காடிய ஒருவர், 2017இல் கூட்டரசின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். போட்டி நேர்காணல் என்பதே ஒருவர் சொல்வதை எடைபோடுவதற்காகத்தான், பேச்சுரிமை அதற்குக் குறுக்கே வராது என்பது தீர்ப்பின் சாரம். மருத்துவக் கல்லூரி வழக்கல்ல. ஆனாலும் விண்ணப்பதாரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது.

அப்படியானால் மறைப்பதுதானே புத்திசாலித்தனம்? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். முதலாவது, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் மதத்தைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் என்ற கணிப்புக்கே ஆதாரம் போதாது. ஃபார் கர்லின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மருத்துவர்களில் 76 சதவீதம் பேர் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் என்று தெரியவந்தது. 2015 முதல் எம்கேட் நுழைவுத்தேர்வின் பாடத்திட்டத்திலேயே மதம் ஒரு சமூக நிறுவனமாக இடம்பெற்றிருக்கிறது. தேர்வில் மதத்தைப் பற்றிக் கேட்கலாம், விண்ணப்பத்தில் பேச்செடுக்கக் கூடாது என்றால் வேடிக்கைதான். இரண்டாவது, மறைக்க முடியாதவையும் இருக்கின்றன. மார்மன் திருச்சபையின் இளம் ஆண்கள் பலர் மதம் பரப்பும் இரண்டு ஆண்டு ஊழியத்துக்குப் போகிறார்கள். அதை எழுதாவிட்டால் வாழ்க்கையில் 24 மாதம் காணாமல் போயிருக்கும். படிப்பவர் அந்த வெற்றிடத்தைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார்.

எழுதுவதா வேண்டாமா என்பதைவிட, எதைச் சான்றாக வைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ‘என் பக்தி எனக்குக் கருணையைக் கற்றுத்தந்தது’ என்ற வாக்கியத்தைத் தேர்வுக் குழு எதைக் கொண்டு சரிபார்க்கும்? பக்தி இல்லாதவருக்குக் கருணை இல்லையோ என்ற கேள்வியையும் அது சும்மா கிளப்பிவிடுகிறது. அதே கோயிலில் மாதாமாதம் அன்னதானத்துக்குச் சமைத்ததையும், வர முடியாத முதியவர்களுக்குச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததையும், அதில் ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டது தெரிந்து அவர் பிள்ளைக்குத் தகவல் சொன்னதையும் எழுதினால், நாத்திகரான பேராசிரியரும் அதை அளந்து பார்க்க முடியும். கோயிலின் பெயரை ‘சமூக மையம்’ என்று மாற்றிப் பூசி மெழுகவும் தேவையில்லை. ஒப்புக்கு வைத்த அந்தப் பெயர் நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துவிடும்.

‘வழிபாட்டைச் சமூகசேவையாகக் குறுக்குவதும் ஒரு பொய்தானே?’ என்று பக்தர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒருவருக்கு விடிகாலைத் தொழுகைதான் உயிர்மூச்சு, சமையல்கட்டு அதற்குப் பிறகுதான் என்றால், 700 எழுத்தில் சமையல்கட்டு மட்டும் தெரிவது அவருடைய முழு உருவமல்ல. ஆனால் விண்ணப்பம் யாருடைய முழு உருவத்தையும் கேட்பதில்லை. விளையாட்டு வீரரும் வெற்றியின் பரவசத்தை அங்கே எழுதுவதில்லை, பயிற்சியைத்தான் எழுதுகிறார்.

இன்னும் கடுமையான ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மதம் பரப்பப் போன ஒருவரை, எழுந்து நடக்கவும் முடியாத நோயாளியின் கட்டிலருகே எப்படி நம்பி விடுவது? இதைத் தப்பெண்ணம் என்று தள்ளிவிட முடியாது. மருத்துவர் சொல்வதற்கு நோயாளியிடம் இருக்கும் கனம் அப்படி. அங்கே பிரசங்கம் செய்வது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது. தேர்வுக் குழு இதைக் கேட்டே ஆகவேண்டும். அதற்குப் பதில் சொல்ல வாய்ப்புள்ளவரும் ஊழியத்துக்குப் போனவர்தான். ஆயிரம் கதவைத் தட்டி, அதில் பெரும்பாலானவை முகத்தில் அறைந்து சாத்தப்பட்ட பிறகு, ‘வேண்டாம்’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு திரும்பி நடக்கப் பழகினாரா இல்லையா? அதைத்தான் அவர் எழுத வேண்டும். எழுதாமல் மறைத்தால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே அவர் வார்டுக்குள் போய்விடுவார்.