யந்திரத்தின் அருகே ஆள் வேண்டும்

தீபாவளி நெருங்கும் நாட்களில் சிராங்கூன் சாலையையும் கேம்பல் லேனையும் சுற்றி வருகிறவர்களின் கண்ணில், மயிலும் மாங்காயும் தாமரையுமாக மெல்லிய பலகையில் நூலிழை பிசகாமல் அறுத்தெடுத்த தொங்கல்களும் விளக்கு மாடங்களும் வீட்டுப் பெயர்ப்பலகைகளும் படாமல் போவதில்லை. தேர்ந்த தச்சன் நாள் முழுவதும் குனிந்திருந்து செய்யக்கூடிய வேலையை இன்று லேசர் யந்திரம் சில நிமிஷங்களில் முடித்துவிடுகிறது. அதன் விலையும் ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, பட்டறைகளிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் மட்டுமே இருந்துவந்த சாதனம், இணையத்தில் வாங்கி வீவக வீட்டின் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஓட்டும் பண்டமாகிவிட்டது. கைத்தொழில் இவ்வாறு சாமானியர் வீட்டுக்குள் மறுபடியும் பிரவேசிப்பது மகிழத்தக்க விஷயமே என்றாலும், கூடவே அக்கினியும் பிரவேசிக்கிறது என்பதை விற்கிறவர்கள் உரக்கச் சொல்வதில்லை.

ரம்பம் மரத்தைத் துகளாக்கித் தள்ளுகிறது. லேசரோ மரத்தை எரித்தே தனக்கு வழி செய்துகொள்கிறது. பட்டறைகளில் பெரும்பாலும் காணப்படும் கரியமில வாயு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் (பெருமைப்பட விரும்புவோர் பெருமைப்படலாம்). அதன் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிரை மரம் எளிதில் உறிஞ்சிக்கொள்வதால், லென்ஸ் குவிக்கும் ஊசிமுனை இடத்தில் மரம் க்ஷணத்தில் புகையும் கரியுமாகிறது. 3 மி.மீ. பிளைவுட் அறுபடும்போது உற்றுப் பார்த்தால், கதிர் படும் இடத்தில் சிறு மஞ்சள் பொட்டு ஒன்று எழுவதும், அருகிலுள்ள குழாயிலிருந்து வரும் காற்று அதை ஊதி அணைப்பதும், யந்திரத்தின் தலை நகர்ந்ததும் அடுத்த இடத்தில் அது மீண்டும் எழுவதும் தெரியும். இது இயல்பு. அந்தப் பொட்டு கதிரோடு நகராமல் பின்தங்கி, அறுத்த பாதையிலேயே நின்று நாக்கை நீட்டத் தொடங்கினால், அது தீ.

அது அப்படி நிற்பதற்குக் காரணங்கள் பல. வேகத்தை அளவுக்கு மீறிக் குறைப்பதும், ஒரே கோட்டில் கதிரைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும், பலகையைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டில் படிந்த பிசினையும் கீழே உதிர்ந்து குவிந்த துண்டுகளையும் மாதக்கணக்கில் துடைக்காமல் விடுவதும் அவற்றுள் முக்கியமானவை. நம் ஊர் ஈரக் காற்றில் மெல்லிய பலகை வளைந்துகொள்வது வேறு சகஜம். எழும்பிய ஓரத்தில் தலை முட்டி நிற்க, கதிர் மட்டும் அணையாமல் ஒரே புள்ளியைச் சுட்டுக்கொண்டிருந்தால், அதன் பலனை விவரிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒருவர் விழித்திருந்தால், பொத்தானை அழுத்திக் கதிரை நிறுத்திய மாத்திரத்தில் இத்தகைய சிறு தீ பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால், சிறு சுடரை ஊதி அணைத்த அதே காற்றே வளர்ந்த தீக்கு இரையாகும் என்பதால், ஊதுகுழாயையும் புகைபோக்கி விசிறியையும் மின்சாரத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டுத் தீப்போர்வையையோ கரியமில வாயு தீயணைப்பானையோ கையிலெடுக்க வேண்டும். கையில் இருப்பது உலர்தூள் தீயணைப்பான், அது லென்ஸை நாசமாக்கிவிடுமே என்று தயங்குவது பேதைமை. யந்திரம் போனால் போகட்டும். கைமீறினால் வீட்டாரோடு வெளியேறி 995ஐ அழைப்பதே கடமை. வேலை முடிந்த பின்னும் உள்ளே கங்கு வைத்திருக்கக்கூடிய துண்டுகளைச் சூடாறுமுன் குப்பைச் சரிவில் கொட்டக் கூடாது.

ஆனால் பக்கத்தில் இருப்பது என்பதுதான் நமக்குக் கைவராத பழக்கம். வீடுகளில் தீப்பிடிப்பதற்குக் கவனியாமல் விட்ட அடுப்பு முக்கியக் காரணம் என்று குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் சொல்லி அலுத்துவிட்டது. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் எனினும், புகை எழுந்த பிறகே அது கூவும். கடைவீடுகளின் ஸ்திதி இன்னும் கவலைக்குரியது: 1989இல் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவில், ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய கட்டடங்களில், கீழே கடையும் மேலே பட்டறையுமாக இருக்கும் இடத்தில் மூளும் தீ, அண்டை வீட்டாரையும் கலங்க வைக்கும். 2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீ மூண்டபோது, அருகில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரத்தை வைத்து ஏறிப் பிள்ளைகளை இறக்கினார்கள். அப்படியும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள்.

தனிமனித ஜாக்கிரதையை மட்டும் நம்பி அரசாங்கம் இருந்துவிடலாகாது. மின்ஸ்கூட்டர்கள் வீடுகளில் தீப்பற்றி, 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஓர் உயிரும் போன அந்தக் காலத்திலேயே, யுஎல்2272 என்ற தரச்சான்று இல்லாதவற்றை விற்கக் கூடாது என்ற தடை நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு ஜூலை முதல் அவை பொதுப் பாதையிலும் ஓடக் கூடாதென்றாயிற்று. உயர் ஆற்றல் லேசர்களுக்குக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிம ஏற்பாடு உண்டுதான். ஆயினும் அதன் நோக்கம் பிரதானமாகக் கண்ணையும் தோலையும் காப்பது. மூடியே இல்லாமல் நான்கு கால் சட்டத்தில் நீல லேசரைத் தொங்கவிட்டு விற்கப்படும் மலிவு யந்திரங்களைப் பொறுத்தவரை, மூடியைத் திறந்ததும் கதிர் நிற்கும் அமைப்பும் சுடரைக் கண்டால் கதிரைத் தானே அணைக்கும் உணர்கருவியும் இல்லாதது இந்நகரில் விலைபோகக் கூடாது என்று விதிப்பதே முறை. இது வீட்டிலிருந்தபடி நாலு காசு பார்க்கும் பெண்களின் பிழைப்பில் கைவைப்பதாகும் என்று ஆட்சேபிப்பார்கள். யந்திரத்தின் விலை சற்று ஏறும் என்பது மெய். அந்த வித்தியாசத்தை ஒரு தீபாவளி வியாபாரம் ஈடுகட்டிவிடும், எரிந்த வீட்டை ஈடுகட்டாது.

விதி வரும்வரை, வாங்க எண்ணியிருப்பவர்கள் மூடியுள்ளதைப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அது ஓடும்போது தொலைபேசி மணி அடித்தாலும் எழுந்து போகாதீர்கள்.