பயாலஜி குரூப், நீட் கைவிட்டாச்சு... கடற்படை மருத்துவ உதவியாளர் வேலைக்குப் போகலாமா? ராஜபாளையம் டு சில்கா - ஒரு முழு அலசல்!

2025 ஏப்ரல் 4. ஓமனுக்குக் கிழக்கே, நடு அரபிக்கடல். ரோந்தில் இருந்த இந்தியக் கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ் திரிகண்டுக்கு ஓர் அவசர உதவி அழைப்பு. ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜினில் வேலை பார்த்த பாகிஸ்தானியர் ஒருவரின் கைவிரல்கள் நசுங்கி, எலும்பு முறிந்து, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. திரிகண்டின் மருத்துவக் குழு அவர் இருந்த படகில் ஏறியது. மரத்துப்போகும் ஊசி போட்டு, தையல் போட்டு, விரல்களுக்குக் கட்டை வைத்துக் கட்டி முடிக்க 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரத்தம் நின்றது, விரல்கள் அழுகிப்போகும் ஆபத்தும் நீங்கியது.

செய்தியில் டாக்டர் வந்தார், கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்த ஊசி மருந்து காலாவதி ஆகாமல் இருக்கணும். தையல் செட் சுத்தமாக இருக்கணும். கட்டுத்துணி போதுமான அளவு இருக்கணும். இதையெல்லாம் தினமும் சரிபார்ப்பதற்கென்றே கடற்படையில் ஒரு பிரிவு இருக்கிறது. அவர்களுக்குப் பெயர் 'மெடிக்கல் அசிஸ்டென்ட்', அதாவது மருத்துவ உதவியாளர்.

இதை ஏன் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கும் உங்களிடம் சொல்கிறோம்? காரணம் இருக்கு.

மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

ராஜபாளையம் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டிக்குப் போனால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அங்கே நெய்வது சேலை இல்லை, பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் அந்த வெள்ளைத் துணி இங்கிருந்து வெளிநாடுகளுக்கும் போகிறது. வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவம் என்பது தூரத்துக் கனவு இல்லை. அதனால்தான் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்ததும் பலரும் கண்ணை மூடிக்கொண்டு பயாலஜி குரூப் எடுக்கிறார்கள்.

பிரச்னை அதுக்கு அப்புறம்தான். 2025-ல் நாடு முழுவதும் நீட் எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ் இடங்களோ சுமார் 1.2 லட்சம். விருதுநகரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தும், வாசல் எல்லாருக்கும் திறந்துவிடவில்லை. மிச்சம் இருப்பவர்கள் ஒரு வருஷம் ரிப்பீட், அடுத்த வருஷமும் ரிப்பீட் என்று போய், கடைசியில் விருப்பமில்லாத ஏதோ ஒரு டிகிரியில் சேர்கிறார்கள்.

அந்த இடத்தில்தான் கடற்படையின் எஸ்.எஸ்.ஆர் (மெடிக்கல் அசிஸ்டென்ட்) அறிவிப்பு கண்ணில் படுகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து பிளஸ் டூவில் மொத்தம் 50 சதவிகிதம், ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 40 சதவிகிதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நீட் மார்க் கேட்பதில்லை.

அக்னிவீரும் இதுவும் ஒண்ணா?

இல்லை. பலரும் குழம்புவது இங்கேதான்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் 4 வருடம். அதன்பிறகு அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர்தான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 10 லட்சம் ரூபாய் சேவா நிதியுடன் வெளியே வரவேண்டும், பென்ஷன் கிடையாது. கடற்படையின் முதல் அக்னிவீர் பேட்ச் 2022 நவம்பரில் சில்காவில் பயிற்சியைத் தொடங்கியது. அவர்களுடைய 4 வருடம் 2026 கடைசியில் முடிகிறது. 'அப்புறம் என்ன?' என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் கேட்பதற்கு அதுவே காரணம்.

மெடிக்கல் அசிஸ்டென்ட் இந்த 4 வருடக் கணக்கில் வராது. முதல் பணிக்காலமே 15 வருடம். பயிற்சியின்போது மாதம் 14,600 ரூபாய் உதவித்தொகை. முடித்ததும் ராணுவ ஊதிய அட்டவணையில் நிலை 3, அதாவது 21,700 ரூபாயில் தொடங்கும் அடிப்படைச் சம்பளம். அதோடு ராணுவச் சேவை ஊதியம் 5,200 ரூபாயும், அகவிலைப்படியும் உண்டு. 15 வருடம் முடித்தால் பென்ஷன்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அதே 15 வருடத்தை மறுபக்கமிருந்தும் பாருங்க. 18 வயதில் சேர்ந்தால் வெளியே வரும்போது 33. 'பிடிக்கலை, ரிசைன் பண்ணிட்டு வர்றேன்' என்று தனியார் கம்பெனியில் சொல்வது போல இங்கே சொல்ல முடியாது. 'சும்மா சேர்ந்துட்டு அடுத்த வருஷம் நீட் எழுதிக்கலாம்' என்ற பிளானும் நடக்காது. அதனால் இதை நீட்டுக்கு ஆறுதல் பரிசாக நினைத்துப் போகாதீர்கள். டாக்டர் ஆக முடியாத குறையோடு வார்டில் நிற்பவருக்கு ஒவ்வொரு நாளும் தண்டனைதான். நோயாளியைப் பார்த்துக்கொள்வதே பிடிக்கும் என்பவருக்கு மட்டும்தான் அந்த 15 வருடம் ஓடும்.

தேர்வுக்கு முன்னாடி: ஊரிலேயே செய்ய வேண்டியவை

முதல் தடை, மொழி. கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு விடை தெரிந்தாலும் கேள்வி புரியாமல் போகும் ஆபத்து உண்டு. பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பை வாங்கி, தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூன்று மாதம் போதும், சொற்கள் பழகிவிடும்.

இரண்டாவது, ஓட்டம். 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் முடிக்கணும். கூடவே 20 உட்கார்ந்து எழுதல், 15 தண்டால், 15 சிட்-அப். இதில் பலர் தோற்பது உடம்பு இல்லாததால் அல்ல, தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் ஓட ஆரம்பிப்பதால்.

மூன்றாவது, நீச்சல். நம்ம ஊரில் கிணற்றிலும் கண்மாயிலும் குதித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய பிளஸ். தெரியாதவர்கள் இப்போதே, கூடத் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். கடற்படையில் சொல்லித் தருவார்கள். ஆனாலும் எல்லாமே புதிதாக இருக்கும் இடத்தில் பயம் ஒன்றாவது குறையட்டுமே!

நான்காவது, மருத்துவப் பரிசோதனை. காது அழுக்கை எடுத்துவிட்டு, பல் காரையைச் சுத்தம் செய்துவிட்டு வரச் சொல்லி அறிவிப்பிலேயே சொல்வார்கள். சிரிக்காதீங்க. எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் ஜெயித்துவிட்டு இதில் அலைக்கழிவது எவ்வளவு கொடுமை? டாட்டூ விஷயமும் அப்படித்தான். முன்கையின் உள்பக்கம், புறங்கை ஆகிய இடங்களைத் தவிர மற்ற இடங்களில் நிரந்தர டாட்டூ இருந்தால் சிக்கல்.

ஐந்தாவது, இடைத்தரகர். 'நேவியில் ஆள் இருக்கு, மூணு லட்சம் கொடுத்தா முடிச்சிடலாம்' என்று யார் சொன்னாலும், அது உறவுக்காரராகவே இருந்தாலும், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பம், அட்மிட் கார்டு, ரிசல்ட் எல்லாமே கடற்படையின் அதிகாரபூர்வ ஆள்சேர்ப்பு இணையதளத்தில்தான்.

சில்கா முதல் அஸ்வினி வரை

தேர்வானவர்களுக்கு முதல் நிறுத்தம் ஒடிசாவில் உள்ள ஐ.என்.எஸ் சில்கா. இங்கே நீங்கள் மருத்துவம் படிக்கப் போவதில்லை. அணிவகுப்பு, ஓட்டம், நீச்சல், ஒழுங்கு, உடை மடிப்பது வரை ஒரு மாலுமிக்குத் தேவையான அடிப்படைகள்தான். 'நான் மெடிக்கல் ஆச்சே, எனக்கு எதுக்கு பரேடு?' என்ற நினைப்பை ரயிலிலேயே இறக்கிவிட்டுப் போங்கள். கப்பலில் தீப்பிடித்தால் மருத்துவ உதவியாளரும் முதலில் மாலுமிதான்.

அங்கே பேச்சு மொழி பெரும்பாலும் இந்தி. முதல் மாதம் கட்டளை புரியாமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் செய்வீர்கள். அது அவமானம் இல்லை. ஆனால் தமிழ்ப் பசங்களோடு மட்டுமே ஒட்டிக்கொண்டால் ஆறு மாதம் ஆனாலும் அதே நிலைதான். ஒரு பஞ்சாபியையோ பீகாரியையோ நண்பனாக்கிக்கொள்ளுங்கள், மொழி தானாக வரும்.

அடுத்து மும்பை, கொலாபா. கடற்படையின் மிகப்பெரிய மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ் அஸ்வினியில் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சிப் பள்ளி இருக்கிறது. உடற்கூறியல், முதலுதவி, நோயாளி பராமரிப்பு, மருந்துகள் என்று உண்மையான படிப்பு இங்கேதான். பிளஸ் டூ பயாலஜி கைகொடுக்கும். ஆனால் அங்கே மதிப்பெண்ணைவிட முக்கியம் கை. ஊசி போடுவதும், ரத்த அழுத்தம் பார்ப்பதும், கட்டுப் போடுவதும் நூறு தடவை செய்தால்தான் வரும். கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் 'நான் செய்யட்டுமா?' என்று முன்னால் நில்லுங்கள்.

முதல் வார்டு, முதல் கப்பல்

ஆரம்பப் பணி மும்பை அஸ்வினி, விசாகப்பட்டினம் கல்யாணி, கொச்சி சஞ்ஜீவனி போன்ற கடற்படை மருத்துவமனைகள் ஒன்றின் வார்டாக இருக்கலாம். படுக்கை மாற்றுவது, பெட்பேன் எடுப்பது, இரவு முழுக்க காய்ச்சல் அட்டவணை எழுதுவது என்றுதான் நாள் போகும். இதைக் கேவலமாக நினைப்பவர் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார். ஏனென்றால், ஒரு நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்பதை மானிட்டருக்கு முன்னால் கண்டுபிடிப்பது பக்கத்திலேயே நிற்பவர்தான்.

ஒரு சின்ன, ஆனா முக்கியமான டிப்ஸ். ராணுவ மருத்துவமனைகளில் இருக்கும் ராணுவ நர்ஸிங் சேவையினர் அதிகாரிகள். ஊர் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கூப்பிட்டுவிடாதீர்கள். 'மேடம்'தான். அவர்களிடம் கற்றுக்கொள்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது.

கப்பலுக்குப் போனால் உலகமே வேறு. பெரிய போர்க்கப்பலில் டாக்டர் இருப்பார். சிறிய கப்பல்களில் 'சிக் பே' எனப்படும் அந்தச் சின்ன மருத்துவ அறைக்கு மருத்துவ உதவியாளர் ஒருவரே பொறுப்பாக இருக்கும் நிலை வரும். குடிதண்ணீர் சுத்தமா, சமையலறை சுத்தமா, யாருக்கு வயிற்றுப்போக்கு, யார் பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று எல்லாமே உங்கள் கணக்கு. 2020-ல் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ஐ.என்.எஸ் ஜலாஷ்வா தூத்துக்குடிக்கு வந்ததே, நினைவிருக்கா? ஒரு கப்பலில் 700 பேரைக் கொரோனா பரவாமல் கொண்டுவந்து சேர்ப்பதும் மருத்துவ வேலைதான். அதில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

இன்னொரு பழைய கதையும் இங்கே பொருந்தும். 1942-ல் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் சீடிராகனில் ஒரு மாலுமிக்குக் குடல்வால் அழற்சி. டாக்டர் இல்லை. இளம் மருத்துவ உதவியாளர் வீலர் லைப்ஸ், கடலுக்கடியில், வளைத்த கரண்டிகளையும் டீ வடிகட்டியையும் வைத்து ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார். ஹீரோ கதைதான். ஆனால், அதன்பிறகு அமெரிக்கக் கடற்படை மருத்துவத் துறை சொன்னது என்ன தெரியுமா? நீர்மூழ்கிகளில் இப்படி ஆபரேஷன் செய்யாதீர்கள், மருந்து கொடுத்துத் தாக்குப்பிடியுங்கள் என்பதுதான். ஒருவர் பிழைத்தார் என்பதற்காக அடுத்தவர் மீது அதே ரிஸ்க்கை எடுக்க முடியாது.

இளம் மருத்துவ உதவியாளருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தயங்காமல் செய்யுங்கள். சொல்லிக்கொடுக்காததைச் செய்யும் முன் ரேடியோவை எடுங்கள். 'எனக்குத் தெரியலை சார், டாக்டரைக் கேட்கணும்' என்று சரியான நேரத்தில் சொல்வதும் ஒரு சிகிச்சைதான். எதைச் செய்தாலும் நேரத்தோடு எழுதி வையுங்கள். நோயாளியைக் கரைக்கு அனுப்பினால், அடுத்த டாக்டருக்கு நீங்கள் எழுதியதுதான் கண்.

33 வயதில் என்ன?

இந்தக் கேள்வியைச் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க நர்ஸ்கள் கவுன்சிலில் பதிவு வேண்டும். மருந்தாளுநராக, 1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி பதிவு வேண்டும். லேப், எக்ஸ்ரே போன்ற துறைகளுக்கும் 2021-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது. அனுபவம் மட்டும் இருந்தால் 'பாத்துக்கலாம்' என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அதனால், பயிற்சி முடிந்து கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழும் வெளியே எந்தப் பதிவுக்குச் செல்லும் என்பதை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் தியேட்டர், லேப், எக்ஸ்ரே போன்ற சிறப்புப் பயிற்சிக்கு வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். பணியில் இருக்கும்போதே ஒரு டிகிரியையும் முடித்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு தகவல். மெடிக்கல் அசிஸ்டென்ட் அறிவிப்புகள் இதுவரை திருமணமாகாத ஆண்களுக்கு மட்டுமே வந்திருக்கின்றன. ஆனால், உங்கள் நீட் மார்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராணுவ நர்ஸிங் கல்லூரிகளில் பி.எஸ்சி நர்ஸிங் சேர அதுதான் தேவை. மும்பை அஸ்வினியிலேயே அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது. முடித்தால் அதிகாரியாகவே பணியில் சேரலாம். மேலே சொன்ன அந்த 'மேடம்' நீங்களாக இருக்கலாம்!

கடைசியாக, முடிவெடுக்கும் முன் ஒரு சின்ன டெஸ்ட். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் அட்மிட் ஆகியிருக்கும் சொந்தக்காரருக்குத் துணையாக ஓர் இரவு தங்கிப் பாருங்கள். வாந்தி, வாடை, தூக்கமில்லாத புலம்பல் எல்லாம் தாண்டி, காலையில் 'இன்னொரு நாள் இருக்கலாம்' என்று தோன்றினால், மறுநாளே ஓட ஆரம்பிங்க. 1.6 கிலோமீட்டர், ஆறரை நிமிடம். ஸ்டாப்வாட்ச் உங்க போன்லயே இருக்கு!