அக்காவின் ஆறு கிலோ



தெமோதரைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் 'கிலோ' என்றால் கொழுந்துதான் ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கு எத்தனை கிலோ, எவ்வளவு கழித்தார்கள் என்பது அன்றாடப் பேச்சு. ஆனால் பறித்த பெண் கடைசியாக எப்போது தராசில் ஏறினாள்? பிள்ளை வயிற்றில் இருந்தபோது, கிளினிக்கில் என்றுதான் பலரும் சொல்வார்கள்.

தோட்ட வேலையிலிருந்து நின்று நான்கு வருடமான ஓர் அக்காவைச் சந்தித்தேன். சுகர் இருப்பதாக டொக்டர் சொன்ன பயத்தில் மூன்று மாதம் சீனியை விட்டு, ரொட்டியைக் குறைத்து, ஆறு கிலோ இறங்கியிருக்கிறார். லயமே பாராட்டியதாம். பிறகு தீபாவளி, ஒரு கல்யாணம், கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள். அடுத்த வருடம் ஆறு கிலோவும் திரும்பிவிட்டது.

"எனக்கு மனசுல உறுதி இல்ல தம்பி" என்றார். இல்லை அக்கா, தப்பு உங்கள் மேல் இல்லை.

எடை குறைந்தால் உடம்பு பஞ்சம் வந்ததாக நினைத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடுகிறது, 'போதும்' என்று சொல்கிற ஹோர்மோன் குறைகிறது. எடை குறைத்து ஒரு வருடம் கழித்தும் இந்த மாற்றம் நீடிப்பதை 2011இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைத் தனி ஆளாக எத்தனை நாள் எதிர்க்க முடியும்?

தோட்டத்தில் எடை குறைப்பா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இலங்கையின் 2016 தேசிய ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆனால் எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குத்தான் பெரியவனானதும் சுகர் வரும் வாய்ப்பு அதிகம். அன்றைய பசியும் இன்றைய தொப்பையும் ஒரே வீட்டுக் கதை. மலை ஏறி இறங்கிய காலத்தில் கோதுமை ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் கரைந்துபோயின. கால் ஓய்ந்த பிறகும் தட்டு மாறவில்லை.

தட்டை மாற்றுவது யார்? மாவு பிசைவது மருமகள். வீட்டுக்கு ஒரே அடுப்பு. அக்காவுக்கென்று தனிச் சமையல் எத்தனை நாள் நடக்கும்? மாவில் கொஞ்சம் குரக்கன் கலந்து, ஒரு ரொட்டிக்குப் பதில் போஞ்சியோ கீரையோ பருப்போ கூட வைத்தால் எல்லோருக்கும் அதுவே சாப்பாடு.

அமெரிக்காவில், குறைத்த எடையைத் தக்கவைத்தவர்களுக்கென்று 1994 முதல் ஒரு பதிவேடு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், காலைச் சாப்பாட்டை விடுவதில்லை, தினம் ஒரு மணி நேரமளவு உடற்பயிற்சி செய்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த டொக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, சுகர் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. போனில் தொடர்ந்து எஸ்.எம்.எஸ். ஆலோசனை பெற்றவர்களுக்கு, இரண்டு வருடத்தில் சுகர் வரும் வாய்ப்பு 36 சதவீதம் குறைவாக இருந்தது. போனில் வரும் செய்திக்கே அவ்வளவு பலன் என்றால், "இன்றைக்கு நடந்தீர்களா?" என்று விசாரிக்கப் பக்கத்தில் ஒருவர் இருந்தால்?

எடை பார்க்க இங்கேயும் இடம் உண்டு. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் எடை, இடுப்பளவு, பிரஷர், சுகர் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் வேலை நாளில் போய்வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடுமே! ஞாயிற்றுக்கிழமையில், தோட்டத்துக்கே வந்து பார்த்தால் என்ன? அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் மறுபடி அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்துக் காம்பரா அம்மாவும் அவரும் இப்போது மாலையில் சேர்ந்து நடக்கிறார்கள். இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. மருமகள் ஐந்து கப் தேத்தண்ணி கொண்டுவந்தார். என்னுடையது உட்பட ஐந்திலும் அரைக் கரண்டிச் சீனிதான்.

அன்புடன்,
ஆசிரியர்