18 வயதுக்குப் பிறகு எந்தப் பேருந்து?

என் சித்தி மகனுக்கு அறிவுத்திறன் குறைபாடு. சிறப்புக் கல்விப் பள்ளியில் இது அவனுக்குக் கடைசி ஆண்டு. "ஜனவரியில் இவன் எங்கே போவான்?" என்று சித்தி கேட்டபோது வீட்டில் யாரும் பேசவில்லை.

சிங்கப்பூரில் வழி இல்லாமல் இல்லை. வேலை செய்யக்கூடியவர் என மதிப்பிடப்படும் மாணவர்களுக்கு, பள்ளியிலிருந்து வேலைக்கு மாற உதவும் திட்டம் 2014ல் தொடங்கியது. எஸ்ஜி எனேபல் அமைப்பு வேலையிடப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறது. வேலைப் பயிற்றுநர் உடனிருந்து பழக்குகிறார். வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினரை 2030க்குள் வேலையில் அமர்த்துவது தேசிய இலக்கு. மற்றவர்களுக்குப் பகல்நேர நடவடிக்கை நிலையம், இல்லாவிட்டால் வீடு.

அந்த மதிப்பீட்டில்தான் என் கவலை. தட்டுகளைத் துடைத்து அடுக்குவதில் அவன் என்னைவிடக் கெட்டி. ஆனால் பேருந்து வழி மாறினால் திகைத்து நின்றுவிடுவான். வேலை தெரியும், வேலைக்குப் போய்ச் சேரத் தெரியாது. இதில் பள்ளியைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பேருந்தில் ஏறப் பழக்கினார்கள். நாங்கள்தான் பயந்து டாக்சியில் அழைத்துப் போனோம். பயிற்றுநரின் நேரத்தில் கொஞ்சம் பெற்றோருக்கும் ஒதுக்கவேண்டும் என்பேன். முதலில் பயம் தெளியவேண்டியது எங்களுக்கு.

இப்போது சனிக்கிழமைகளில் லெங்கோக் பாருவிலுள்ள எனேபலிங் வில்லேஜுக்கு அவனோடு பேருந்தில் போகிறேன். இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்காருவேன். சென்ற வாரம் அவனே மணியை அழுத்தினான், ஒரு நிறுத்தம் முன்னதாக. இருவரும் இறங்கி நடந்தோம்.