மதிலோரத்துக் காகிதப்பூ

கார் நிறுத்த இடம் வேண்டி மதிலை இடிக்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவது, பல வருஷங்களாக யாருடைய சிரத்தையையும் எதிர்பாராமல் வாசலோரத்தில் தழைத்து, மாடிக் கைப்பிடிச் சுவர்வரை ஏறி நிற்கும் காகிதப்பூச் செடியைத்தான். அதே வீட்டார் சில நாள் கழித்து நர்சரிக்குப் போய், பீங்கான் தட்டில் விரல் பருமன் தண்டோடு நிற்கும் ஒரு கன்றைப் போன்சாய் என்ற நாமதேயத்துக்காகவே ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறார்கள். இந்த விபரீதத்தைக் கண்டிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன்சாயின் ஜீவன் அடிமரத்தின் முதிர்ச்சியில் இருக்கிறது. இலை ஏராளமாகத் தழைத்து வேர் தாராளமாக ஓடினாலொழிய அடிமரம் பருக்காது. இரண்டையும் ஓயாமல் கத்தரிக்கும் தட்டில் அது பருக்க வேண்டுமென்றால் மனித ஆயுள் போதாது. ஹிரோஷிமாவின் யமாகி குடும்பத்தார் 1976-ல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அனுப்பிய பைன் மரம், 1945-ன் அணுகுண்டுக்கும் தப்பியது, 1625 முதல் வளர்க்கப்பட்டு வருவது. அத்தகைய வம்ச பரம்பரையான பொறுமை நமக்கு இல்லை. ஆனால் நம் வாசலிலேயே காலம் செய்து முடித்த வேலையைக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டு, மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்குவானேன்?

அந்த வாசல் செடியையே போன்சாயாக்கலாம். கத்தரி வெயில் தணிந்து மழை விழத் தொடங்கியதும், தரையிலிருந்து ஓரடிக்கு மேற்பட்டதை ரம்பத்தால் அறுத்துவிட்டு, சுற்றிலும் அகலமாகத் தோண்டிப் பெருவேர்களைத் துண்டித்து, மண்ணோடு சேர்த்தே பெயர்க்க வேண்டும். காகிதப்பூவின் சல்லிவேர் தொட்டால் முறியும் ஸ்வபாவமுள்ளது. வெட்டுவாயில் மழைநீர் தங்கினால் கட்டை அழுகிப் பொந்தாகும் என்பதால் மெழுகு பூசுவது உத்தமம். அழகுத் தட்டுக்கு இப்போது அவசரமில்லை. அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் தொட்டியும், ஆற்று மணல், பொடித்த செங்கல், கொஞ்சம் மக்கிய எரு ஆகியவற்றின் கலவையும், நிழலான ஓர் இடமும் போதும். சில வாரங்களில் பட்டையின் மடிப்புகளிலிருந்து கடுகளவு துளிர்கள் எட்டிப்பார்க்கும். அதைக் கண்டு வேர் பிடித்துவிட்டதென்று மயங்கி உரம் வைக்கிறவர்கள்தாம் செடியைக் கொல்கிறார்கள். முதல் துளிர்களுக்கு ஆகாரம் கட்டையில் சேமிப்பாயிருந்த சத்தேயன்றி வேர் கொடுத்ததன்று. கிளைகள் நீண்ட பின், பச்சை மாறாதிருக்கும்போதே அலுமினியக் கம்பி சுற்றி வளைத்துக்கொள்ள வேண்டும்; முற்றிய காகிதப்பூக் கிளை வளையாது, முறியும்.

செடியைச் சித்திரவதை செய்வதாகச் சிலர் ஆட்சேபிப்பதுண்டு. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் வருஷந்தோறும் கவாத்துச் செய்துகொண்டே அவர்கள் இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. குள்ள மரம் வீட்டுக்கு ஆகாது என்கிற வாஸ்துக்காரர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால், காட்டிலும் மலையிலும் போய் மரங்களைப் பெயர்த்து வருகிறவர்களுக்கு நான் பரிந்து பேசுவதாக யாரும் கொள்ளக் கூடாது, அது திருட்டு. மாடிச் சுவர் வெடிப்பில் முளைத்த அரசையும் ஆலையும் எடுப்பது வேறு விஷயம், கட்டடத்துக்காக அவற்றை எப்படியும் பிடுங்கத்தான் வேண்டும்.

நகராட்சிப் பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் பழைய வேலிச் செடிகளை அழிக்க நேரும்போது, ஒரு வாரம் முன்னதாக வாசலில் அறிவிப்பு ஒட்டி, வேண்டியவர்கள் மண்வெட்டியோடு வந்து எடுத்துச் செல்ல அனுமதித்தால் நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை, அள்ளுகூலியும் மிச்சமாகும்.