தன் வேலையைத் தானே குறைப்பது

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் போன மாதம் ஒரு தம்பி எங்களை நிறுத்தினார். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அம்மா தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர். “அண்ணே, புரோகிராம் எழுதுறவங்களே புரோகிராம் எழுதுற மெஷினையும் செஞ்சிட்டாங்க. கேட்டா, தன் வேலை தேவைப்படாமப் பண்றவன்தான் நல்ல புரோகிராமர்னு காலேஜுக்கு வந்து பேசிட்டுப் போறாங்க. நாங்க இப்பத்தானண்ணே உள்ள காலு வைக்கிறோம்” என்றார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இது.

அந்தத் தொழிலில் இது பழைய பேச்சு. கணினிக்கு எண்களாலேயே கட்டளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1952இல், அமெரிக்காவின் கிரேஸ் ஹாப்பர் அந்தப் பாட்டைக் கணினியின் தலையிலேயே கட்டும் ஒரு நிரலை எழுதினார். 1979இல் விசிகால்க் வந்தபோது கணக்கர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களே கட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். இனி நிரல் எழுத ஆள் வேண்டாம் என்று பலமுறை பேசியாயிற்று. கணினி புதுப்புது இடங்களுக்குள் நுழைய நுழைய ஆள் கூடுதலாகத்தான் தேவைப்பட்டது. செயற்கை நுண்ணறிவு வந்த இந்த முறையும் அப்படியே ஆகும் என்று நாங்கள் சத்தியம் செய்ய மாட்டோம். தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கணினிக்குச் சோசியம் பார்க்கக் கூடாது.

ஆனால் வேலை ஒழிந்த கதை எங்களுக்குத் தெரியும். கரிசல் காட்டுக் கிணறுகளில் கமலை இறைத்த காலம் ஒன்று இருந்தது. கூனையோடு தோலில் தைத்த வால் ஒன்று சேர்ந்திருக்கும். அதைத் தைக்கவும், கிழிந்தால் ஒட்டுப் போடவும் அருந்ததியர் வேண்டும். ஊர் வெள்ளாமையே அந்தத் தோலை நம்பித்தான் இருந்தது. கூலி மட்டும் களத்தில் அளந்து போடும் தானியம். பூமணியின் ‘பிறகு’ நாவலைப் படித்த மாணவர்களுக்குத் தோல் வேலை செய்யும் அழகிரியைத் தெரிந்திருக்கும். மின்சார பம்புசெட்டு வந்தது. கமலை போனது, தோல் வாலும் போனது. போகட்டும், மாட்டுக்கும் மனிதனுக்கும் இடுப்பொடிக்கிற வேலை அது. ஆனால் பம்புசெட்டு உட்கார்ந்தது நிலம் வைத்திருந்தவர் கிணற்றில். தோல் தைத்தவர் கைக்கு என்ன வந்தது? கொஞ்சமாவது சோறு போட்ட வேலை போனது. செத்த மாட்டைத் தூக்குவதும் சாவுக்குக் கொட்டடிப்பதும் அப்படியே நின்றன. அவற்றை ஒழிக்க எந்த மோட்டாரும் வரவில்லை. ‘இனிச் செய்யமாட்டோம்’ என்று நம் பெரியவர்கள் ஊர் ஊராக மறுத்து, அடியும் வாங்கி, கடையில் சாமான் கிடைக்காமலும் கிடந்துதான் ஒழித்தார்கள். சில ஊர்களில் இன்னும் ஒழியவில்லை.

அதனால் ஒரு வேலை தேவையற்றுப் போவதைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால், எந்த வேலை, யாருடைய வேலை என்றுதான் நாங்கள் முதலில் கேட்போம். கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைக் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. குழியில் சாவது நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் தேவையே வந்திருக்காது. நிலாவுக்குக் கலம் அனுப்பிய நாட்டில், குழிக்குள் இறங்க ஒரு எந்திரம் திருவனந்தபுரத்தில் 2018இல்தான் வந்தது. பாண்டிகூட் என்று பெயர். செய்தவர்கள் ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய இளம் பொறியாளர்கள். முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே அதை இயக்கவும் பழக்கினார்கள். எங்களுக்கு எந்திரத்தைவிட அந்தப் பழக்கல்தான் பெரிதாகப் படுகிறது. தோல் தைத்தவருக்கு அன்று யாரும் பம்புசெட்டு மெக்கானிக் வேலை கற்றுத்தரவில்லை.

கல்லூரிக்கு வந்து பேசிய அந்தப் பெரியவருக்கு ஒரு சொல். வீட்டில் இரண்டு மூன்று தலைமுறைச் சம்பளம் சேர்ந்திருக்கும்போது ‘என் வேலை தேவைப்படாமல் போகட்டும்’ என்று சொல்வது சுலபம். 2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பிடித்துப் பொறியியல் சேர்ந்த பிள்ளைக்கு முதல் சம்பளமே இன்னும் வரவில்லை. தனியார் நிறுவன வாசலோடு ஒதுக்கீடும் நின்றுவிடுகிறது. தியாகத்தை முதலில் உள்ளே இருப்பவர்கள் செய்யட்டும்.

ஆனாலும் தம்பி, அவர் சொன்னதில் ஒரு பாதி எங்களையே குத்துகிறது. இருபது ஆண்டுகளாக நாங்கள் மனு எழுதுகிறோம். பட்டா, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ். இப்போது எல்லாம் கணினியில். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் தீப்பெட்டி ஆலைக்குப் போகிற அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும் போகும். பள்ளிச் சான்றில் ‘மாடசாமி’ ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல், ஆதாரில் இன்னொன்று என்றால் இரண்டாம் நாள் கூலியும் போகும். தமிழில் ஒரே பெயர்தான். இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டு ஒப்புக்கொள்கிற நிரலை யாராவது ஒருமுறை எழுதினால் போதும், எங்கள் மனுக்களில் பாதி குறையும். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது: பாதி குறைந்தால் எங்களைத் தேடி வருகிறவர்களும் பாதியாவார்கள். ‘அண்ணன் இல்லாட்டி நடக்காது’ என்று நாலு பேர் சொல்வதில் எங்களுக்கும் ஒரு ருசி இருக்கிறது. மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்பதுதான் இயக்கம் என்று நினைத்துக்கொண்ட நாட்களும் உண்டு.

ஆகவே வேலையை விடாதே. முதலில் அந்தச் சம்பளத்தை வாங்கு, வீட்டுக் கடனை அடை, தங்கையைப் படிக்க வை. ஆனால் எழுதுகிற நிரல், அதைப் பயன்படுத்துகிறவர் அடுத்தமுறை உன்னைத் தேடி வரத் தேவையில்லாததாக இருக்கட்டும். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகளை உன் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடு. முத்தையா அண்ணாமலை தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத ‘எழில்’ என்ற மொழியை உருவாக்கியிருக்கிறார், அதில் தொடங்கலாம். இந்தத் தொழிலின் ரகசியம் குறைந்தால் நஷ்டம் உனக்கில்லை, அதைச் சுற்றி வேலி போட்டவர்களுக்குத்தான்.

இதை எழுதி முடிப்பதற்குள் தம்பியே வந்துவிட்டார். கல்லூரித் திட்டப்பணிக்காக, வாயால் சொன்னால் மனுவாக எழுதித்தரும் ஒன்றைக் கைபேசியில் செய்திருக்கிறார். முதலில் அம்மாவிடம்தான் காட்டியிருக்கிறார். அம்மா குடிநீர்க் குழாய் வரவில்லை என்று கோளாறில்லாமல் சொல்லியிருக்கிறார், மனுவும் வந்துவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாஞ் சொன்னதத்தான் எழுதியிருக்கான்னு எனக்கு யாருப்பா படிச்சுக் காட்டுவா?” என்று கேட்டாராம்.

படித்துக் காட்டும் பகுதியைத் தம்பி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.